டென்னிஸ் ராக்கெட் வாங்கும்போது கிரிப் சைஸ்: உங்க கையே அளவுகோல்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நம்ம பாட்காஸ்ட்டுக்கு வர்ற கேள்விகள்ல வேலை, இன்டர்வியூ, லேப்டாப் இதெல்லாம் வழக்கமா இருக்கும். இந்தத் தடவை டென்னிஸ். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டு ஆன்லைன்ல ராக்கெட் வாங்குறவங்களுக்கு ஒரு இடத்துல கை நின்னுடும். மாடல் பார்த்தாச்சு, எடை பார்த்தாச்சு, ஆஃபர் பார்த்தாச்சு. கடைசியா "கிரிப் சைஸ் தேர்ந்தெடுக்கவும்"னு ஒரு சின்னப் பெட்டி. அதுல 1, 2, 3, 4. எதை அமுக்குறது?

பெரிய ஊர்ல இருந்தா கடைக்குப் போய் நாலு ராக்கெட்டைப் பிடிச்சுப் பார்த்துட்டு வந்துடலாம். நமக்கு அதுக்கு மதுரைக்கு பஸ் ஏறணும். அதனால இன்னைக்கு வீட்டுல உட்கார்ந்தே சரியான அளவைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு பார்க்கப் போறோம். ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடறேன், மீதியெல்லாம் மறந்தாலும் இது ஞாபகம் இருக்கட்டும்: சின்னக் கைப்பிடியைப் பெருசாக்கலாம். பெரிய கைப்பிடியைச் சின்னதாக்குறது ரொம்பக் கஷ்டம்.

முதல்ல ஒரு சொல் விளக்கம். டென்னிஸ்ல "கிரிப்"னு மூணு விஷயத்தைச் சொல்லுவாங்க. ராக்கெட்டை எப்படிப் பிடிக்கிறோம்ங்கிற முறை ஒண்ணு. கைப்பிடி மேல சுத்தியிருக்கிற பட்டை இன்னொண்ணு. கைப்பிடியோட சுற்றளவு மூணாவது. இன்னைக்குப் பேசப் போறது இந்தச் சுற்றளவைப் பத்தித்தான்.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

ஒரே அளவை மூணு விதமா எழுதுவாங்க. அமெரிக்கா வழக்கத்துல அங்குலம். ஐரோப்பா வழக்கத்துல 0ல இருந்து 5 வரைக்கும் ஒரு எண். சில கம்பெனி அந்த எண்ணுக்கு முன்னாடி "எல்"னு போடும், சிலது "ஜி"னு போடும். ராக்கெட்டோட அடிப்பக்கம், அந்த மூடி மேல இந்த எண்ணைப் பார்க்கலாம்.

0 அப்படின்னா 4 அங்குலம், அதாவது 100ல இருந்து 102 மி.மீ. சுற்றளவு.
1 அப்படின்னா 4 1/8 அங்குலம், 103 முதல் 105 மி.மீ.
2 அப்படின்னா 4 1/4 அங்குலம், 106 முதல் 108 மி.மீ.
3 அப்படின்னா 4 3/8 அங்குலம், 109 முதல் 111 மி.மீ.
4 அப்படின்னா 4 1/2 அங்குலம், 112 முதல் 114 மி.மீ.
5 அப்படின்னா 4 5/8 அங்குலம், 115 முதல் 117 மி.மீ.

ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.தான். சுற்றளவுல 3 மி.மீ.ன்னா விட்டத்துல 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழ. "இவ்வளவுதானா, இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு தோணும். ஆனா உங்க செருப்பு ஒரு சைஸ் மாறினா உங்களுக்குத் தெரியுதா இல்லையா? கைக்கும் அப்படித்தான் தெரியும்.

ஷட்டில் விளையாடிட்டு டென்னிஸுக்கு வர்றவங்க இங்க ஒண்ணு கவனிக்கணும். யோனெக்ஸ் ஷட்டில் ராக்கெட்ல எண் கூடக் கூட கைப்பிடி மெலிசாகும். ஜி5, ஜி4ஐ விட சின்னது. டென்னிஸ்ல அப்படியே தலைகீழ்: எண் கூடக் கூடத் தடிமன் கூடும். ஷட்டில்ல ஜி5 பழக்கம்னு டென்னிஸ்லயும் 5ஐ அமுக்கினீங்கன்னா, வீட்டுக்கு வர்ற பார்சல்ல இருக்கிறதைப் பார்த்தா உலக்கை மாதிரி தெரியும்.

ஸ்கேலும் கைரேகையும்

இப்ப அளவெடுப்போம். ஸ்கூல் பசங்க வச்சிருக்கிற ஸ்கேல் ஒண்ணு எடுத்துக்கோங்க. விளையாடுற கையை விரிச்சு, விரல்களைச் சேர்த்து வைங்க. உள்ளங்கையில பெருசா மூணு கோடு தெரியும். கைரேகை பார்க்கிறவங்க பாஷையில சொன்னா, விரலுக்குப் பக்கத்துல மேல ஓடுறது இருதய ரேகை, அதுக்குக் கீழ குறுக்க ஓடுறது புத்தி ரேகை, கட்டைவிரலைச் சுத்தி இறங்குறது ஆயுள் ரேகை. நமக்கு வேணும்ங்கிறது நடுவுல இருக்கிற புத்தி ரேகை. ஜாதகத்துக்கு இல்ல, ராக்கெட்டுக்கு.

ஸ்கேலோட 0 கோட்டை அந்த ரேகை மேல வைங்க. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில ஸ்கேல் நேரா மேல போகட்டும். மோதிர விரல் நுனி எங்க முடியுதோ அங்க படிங்க. 107 மி.மீ. வந்தா உங்க சைஸ் 2. 110 வந்தா 3. அவ்வளவுதான்.

இதுல ஒரு சின்னக் கவனம் தேவை. பிளாஸ்டிக் ஸ்கேல்ல முனையில இருந்து 0 கோடு வரைக்கும் கொஞ்சம் காலி இடம் விட்டிருப்பாங்க. முனையை ரேகை மேல வச்சா அந்தச் சில மி.மீ. தப்பாப் போயிடும். ஒரு சைஸே 3 மி.மீ.ங்கும்போது, அந்தக் காலி இடம் மட்டுமே உங்களை ஒண்ணு ரெண்டு சைஸ் தள்ளி விட்டுடும்.

இந்த முறையை மருத்துவ உலகத்துல பரவலாக்கினவர் ராபர்ட் நிர்ஷல்னு ஒரு அமெரிக்க எலும்பு மருத்துவர். டென்னிஸ் எல்போ சிகிச்சையில பெரிய பெயர். அவர் பெயரைக் கொஞ்ச நேரத்துல திரும்பச் சொல்றேன்.

ரெண்டாவது சோதனை, ராக்கெட் கையில இருந்தா. யாருக்காவது கை குலுக்குற மாதிரி கைப்பிடியைப் பிடிங்க. மடங்கின மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கையோட சதைப் பகுதிக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். இன்னொரு கையோட ஆள்காட்டி விரலை அதுல வச்சுப் பாருங்க. அளவா உட்கார்ந்தா சரியான சைஸ். விரல் நுழையவே இடமில்லைன்னா கைப்பிடி சின்னது. விரல் போயும் இடம் மிச்சம்னா பெருசு.

கடை இல்லாத ஊருக்கு ஒரு வழி

ராக்கெட்டே இன்னும் வாங்கலையே, ரெண்டாவது சோதனையை எப்படிப் பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கு நம்ம ஊர் சாமான் வச்சே ஒரு வழி இருக்கு.

ஹார்டுவேர் கடையில 32 மி.மீ. பிவிசி பைப் வெட்டுத்துண்டு ஒரு சாண் நீளத்துக்கு வாங்குங்க. தோட்டத்துக்குப் போடுற அந்த விவசாயப் பைப்புக்கு வெளிவிட்டம் 32 மி.மீ. 3.14ஆல பெருக்கினா சுற்றளவு ஏறக்குறைய 100 மி.மீ. அதாவது சும்மா வெறும் பைப்பே 0 சைஸ் கைப்பிடி. இப்ப அது மேல பேண்டேஜ் துணியை இறுக்கமா, சமமா சுத்துங்க. பேண்டேஜ் எங்க கிடைக்கும்னு ராஜபாளையத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துல சத்திரப்பட்டியில தறிகள்ல நெய்யிற காயத்துணி எங்கெங்கயோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது.

தையல்காரர் வச்சிருக்கிற இஞ்ச் டேப்பால சுத்தி அளந்து, 104 வந்ததும் நிறுத்திப் பிடிச்சுப் பாருங்க, விரல் சோதனை பண்ணுங்க. அடுத்து 107 வரைக்கும் சுத்துங்க, திரும்பப் பிடிங்க. அடுத்து 110. மூணு சைஸை வரிசையாப் பிடிச்சுப் பார்த்தா கை தானா சொல்லிடும். பைப் உருண்டை, டென்னிஸ் கைப்பிடிக்கு எட்டுப் பட்டை உண்டு, அதனால உணர்வு நூத்துக்கு நூறு ஒண்ணா இருக்காது. ஆனா 2ஆ 3ஆன்னு குழம்புறவங்களுக்கு இது போதும்.

காயத்துணியை ராக்கெட்ல சுத்துறதும் புதுசு இல்ல. வியர்வையை உறிஞ்சறதுக்காக டென்னிஸ் கைப்பிடியில சுத்துற காஸ் டேப்புன்னு தனியாவே விக்குது. நம்ம ஊர்த் துணிக்குச் சொந்தக்கார உறவுதான் அது.

"வளர்ற பையன் தானே"

போன மாசம் எங்க சித்தப்பா ஊர்ல இருந்து போன் பண்ணார். தம்பி எட்டாவது படிக்கிறான். ஜூனியர் ராக்கெட் போதாம பெரியவங்க ஆடுற 27 அங்குல ராக்கெட்டுக்கு மாறப் போறான். "ஏப்பா, ஆர்டர் போடப் போறேன். 3ஆம் நம்பர் போட்டுடவா? வளர்ற பையன் தானே, ரெண்டு வருஷம் ஓடும்ல?"

இந்தக் கேள்வியில நம்ம குடும்பங்களோட மொத்தப் பொருளாதாரமும் இருக்கு. யூனிஃபார்ம் தைக்கும்போது "லூசாவே தைங்க, கீழ மடிச்சு விடுங்க"ன்னு சொல்ற அதே புத்தி. துணியில அது சரியான புத்திதான், ஏன்னா மடிப்பைப் பிரிக்கலாம். ராக்கெட் கைப்பிடியில மடிப்பு கிடையாது. பெருசா வாங்கினா அந்த ரெண்டு வருஷமும் பையன் தடியான கைப்பிடியோட மல்லுக்கட்டணும். சர்வீஸ்ல மணிக்கட்டு லேசா திரும்பாது. ஃபோர்ஹேண்ட்ல இருந்து பேக்ஹேண்டுக்குப் பிடியை மாத்த நேரம் ஆகும். கை சீக்கிரம் களைச்சுப் போகும். எட்டாவது படிக்கிற வயசுலதான் ஆட்டத்தோட பழக்கங்கள் உட்காருது. அந்த நேரத்துல கைக்குச் சேராத சாமானைக் கொடுத்தா, சாமானுக்கு ஏத்த மாதிரி கை தப்பாப் பழகிக்கும்.

"சித்தப்பா, வீடியோ கால்ல வாங்க, ஸ்கேலை எடுத்துட்டு வரச் சொல்லுங்க"ன்னேன். தம்பி கையில 103 மி.மீ. வந்துச்சு. சைஸ் 1. "கை வளர வளர மேல சுத்திக்கலாம் சித்தப்பா, ராக்கெட் அதுவே போதும்"னு சொன்னதும்தான் அவருக்கு மனசு ஆறுச்சு. "அப்ப நம்ம மடிப்பு உள்ள இல்ல, வெளியில இருக்குன்னு சொல்லு"ன்னார். இதை விடச் சுருக்கமா என்னால சொல்ல முடியாது.

வெளியில இருக்கிற மடிப்பு: ஓவர்கிரிப் கணக்கு

அந்த மடிப்புக்குப் பெயர் ஓவர்கிரிப். கம்பெனிக் கிரிப் மேல சுத்துற மெல்லிய பட்டை. தடிமன் அரை மி.மீ. பக்கம்.

இஞ்சினியர் மூளைக்கு இங்க ஒரு சந்தேகம் வரும். தடிமன் 0.5 மி.மீ.ன்னா சுற்றளவு 2 × 3.14 × 0.5, அதாவது 3 மி.மீ. கூடணும். அது ஒரு முழு சைஸ். ஆனா பொதுவாச் சொல்றது, ஒரு ஓவர்கிரிப் அரை சைஸ், 1/16 அங்குலம் கூட்டும்னுதான். எங்க போச்சு மீதி? சுத்தும்போது இழுத்துச் சுத்துறோம், பட்டை மெலியுது. பிடிக்கும்போது அமுங்குது. ஒரு சுத்து மேல அடுத்த சுத்து எவ்வளவு ஏறுதுங்கிறதையும் பொறுத்தது. கொஞ்சமா ஏத்திச் சுத்தினா மெலிசு, பாதிப் பட்டை ஏறுற மாதிரி சுத்தினா தடிமன். அதனால ஒரே பட்டையை வச்சு நீங்களே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கலாம்.

ரெண்டு ஓவர்கிரிப் சுத்தினா ஏறக்குறைய ஒரு சைஸ் கூடும். அதுக்கு மேல வேணும்னா ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இருக்கு. எலக்ட்ரீஷியன்கள் வயர் இணைப்புக்குப் போடுற சுருங்குற டியூப் மாதிரியேதான். பழைய கிரிப்பைக் கழட்டி, ஸ்லீவை மாட்டி, சூடு காட்டினா கைப்பிடியோட ஒட்டிக்கும். ஒண்ணு போட்டா ஒரு சைஸ் கூடும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, இதெல்லாம் எடை. ஓவர்கிரிப் அஞ்சாறு கிராம்தான், ஸ்லீவ் அதை விடக் கூட. எடை கைப்பக்கம் ஏறினா ராக்கெட்டோட தலை லேசான மாதிரி இருக்கும். ரெண்டாவது, நான் சொன்ன அந்த எட்டுப் பட்டை. பந்து வேகமா வரும்போது ராக்கெட் முகம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு நீங்க குனிஞ்சு பார்க்குறதில்லை, அந்தப் பட்டைகளோட விளிம்பு விரலுக்குச் சொல்லுது. மேல மேல சுத்தினா விளிம்பு மழுங்கி உருண்டையாயிடும். அதனால ஓவர்கிரிப்பை நாலு அஞ்சு அடுக்கு ஏத்தாதீங்க. ஒண்ணு, அதிகம் போனா ரெண்டு. அதுக்கும் பத்தலைன்னா அது அடுத்த சைஸ் ராக்கெட் வாங்குற நேரம்.

பெருசைச் சின்னதாக்க வழியே இல்லையான்னா, கொஞ்சம் இருக்கு. கம்பெனிக் கிரிப்பைக் கழட்டிட்டு இன்னும் மெலிசான கிரிப் போடலாம். சில ஹெட் மாடல்கள்ல கைப்பிடியோட வெளி உறையையே மாத்த முடியும். மர ராக்கெட் காலத்துல கைப்பிடியைச் செதுக்கிச் சின்னதாக்கலாம். இன்னைக்கு கார்பன் ஃபைபர் மேல வார்த்த ஃபோம். அதுல கை வச்சா விளிம்பு போயிடும். அதனாலதான் ரெண்டு சைஸுக்கு நடுவுல நின்னா சின்னதை எடுங்கன்னு சொல்றது.

ரொம்பச் சின்னதும் ஆகாது. ஸ்க்ரூடிரைவரை நினைச்சுப் பாருங்க. இறுகின ஸ்க்ரூவைக் கழட்ட தடிமனான பிடி இருந்தா லேசா முடியும். மெலிசான பிடின்னா விரல் வெளுக்க அமுக்கணும். பந்து ராக்கெட்டோட நடுவுல படாம ஓரத்துல பட்டா ராக்கெட் கையில திருகும். பிடி மெலிசா இருக்க இருக்க, அந்தத் திருகலை நிறுத்த நீங்க அதிகமா இறுக்கணும். ஒரு மணி நேரம் அப்படி இறுக்கினா முன்கை கல்லாயிடும்.

முழங்கை வலி: எதை நம்பலாம்?

இப்ப எல்லாரும் பயப்படுற விஷயம். 2004ல சச்சின் டெண்டுல்கர் டென்னிஸ் எல்போவால ஆட முடியாம இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2005ல அறுவை சிகிச்சையே பண்ணாங்க. அவர் பிடிச்சது கிரிக்கெட் பேட். மணிக்கட்டை நிமிர்த்துற தசைகள் முழங்கையோட வெளிப்பக்க எலும்புல வந்து சேருது. அந்த இடம் தொடர்ந்து பாரம் தாங்கினா வலி வரும். சுத்தியல் பிடிக்கிற தச்சருக்கும் வரும், டென்னிஸ் ராக்கெட்டையே பார்க்காதவங்களுக்கும் வரும்.

"கிரிப் சைஸ் தப்பாப் போனா டென்னிஸ் எல்போ வரும்"னு ரொம்பக் காலமா சொல்லிட்டு வர்றாங்க. 2006ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு இதைச் சோதிச்சுச்சு. வலி இல்லாத 16 கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரங்க. முன்கைத் தசைகள்ல மின்முனை வச்சு, பேக்ஹேண்ட் அடிக்கச் சொன்னாங்க. நிர்ஷல் முறையில வந்த சைஸ், அதை விட கால் அங்குலம் சின்னது, கால் அங்குலம் பெருசு, இப்படி மூணு ராக்கெட். கால் அங்குலம்னா ரெண்டு முழு சைஸ்! தசைகள் வேலை செஞ்ச விதத்துல குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியலை.

அதுக்காக சைஸே பார்க்க வேண்டாம்னு எடுத்துக்காதீங்க. அவங்க பயிற்சி எடுத்த, ஏற்கனவே சரியா அடிக்கத் தெரிஞ்ச ஆட்டக்காரங்க. நமக்கு அதுல இருக்கிற பாடம் வேற: முழங்கை வலிக்குதுன்னா கிரிப்பை மட்டும் மாத்திட்டு எல்லாம் சரியாயிடும்னு உட்கார்ந்திருக்காதீங்க. பேக்ஹேண்டைத் தாமதமா, மணிக்கட்டால மட்டும் அடிக்கிறீங்களா, முறுக்கான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் போட்டிருக்கீங்களா, ஒரே வாரத்துல ஆட்ட நேரத்தை ரெண்டு மடங்காக்கிட்டீங்களா, இதையும் பாருங்க. வலி விடலைன்னா டாக்டரைப் பாருங்க. சரியான கிரிப் கொடுக்கிறது வசதியும் கட்டுப்பாடும். அது மருந்து இல்ல.

பெரிய ஆட்டக்காரங்க என்ன பிடிச்சாங்க?

ஃபெடரர் 3ஆம் சைஸ். நடால், அவ்வளவு பலமான கை, அவர் பிடிச்சது 2. ரெண்டு பேருமே உயரம் ஆறடிக்கு மேல. "ஆளு பெருசு, அதனால 4 வாங்கு"ன்னு கடையில யாராவது சொன்னா நடாலை ஞாபகம் வச்சுக்கோங்க.

நம்ம தென்கோடியில இருந்து கிளம்பின ஒரு கையையும் சொல்லணும். 1937ல நாகர்கோவில்ல பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார். 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனார். முதல் தடவை நீல் ஃப்ரேசர்கிட்டயும் அடுத்த தடவை ராட் லேவர்கிட்டயும் தோத்தார். ரெண்டு வருஷமும் அவரை ஜெயிச்சவங்கதான் கோப்பையை எடுத்தாங்க. மர ராக்கெட், புல் தரை. அவரோட ஆட்டத்துக்குப் பலத்தை விட நயம்தான் பேர். அந்தக் காலத்துல தடிமனான கைப்பிடிதான் வழக்கம். பந்து தாழ்வா வரும், பிடியை அதிகம் மாத்த வேண்டியதில்லை. இன்னைக்கு டாப்ஸ்பின் ஆட்டத்துல மணிக்கட்டு வேகமா ஓடணும், அதனால சின்னக் கைப்பிடிக்கு மாறிட்டாங்க. பழைய ஆட்டக்காரர் யாராவது "நாங்க எல்லாம் 5 பிடிச்சோம்"னு சொன்னா அவர் பொய் சொல்லலை. அவர் ஆடினது வேற ஆட்டம்.

சுருக்கமா

ஸ்கேலோட 0 கோடு புத்தி ரேகையில, அங்கிருந்து மோதிர விரல் நுனி வரைக்கும். வந்த மி.மீ.க்கு உண்டான எண்ணைப் பாருங்க. நடுவுல நின்னா சின்னது. பைப்பும் பேண்டேஜும் வச்சு ஒரு தடவை சரிபாருங்க. மிச்சத்தை ஓவர்கிரிப் பார்த்துக்கும். கை ரொம்ப வியர்க்கும்னா பசைத்தன்மை உள்ளதை விட துணி மாதிரி உலர்ந்த வகை நல்லது. டூர்னா கிரிப் மாதிரி நீலப் பட்டைகள் ஈரம் படப்பட நல்லாப் பிடிக்கும். சித்திரை வெயில்ல ஆடுறவங்களுக்கு அது உதவும்.

ராக்கெட் சில ஆயிரம் ரூபாய், ஓவர்கிரிப் சில நூறு ரூபாய். தப்பு நடக்கணும்னா அது சில நூறு ரூபாய் பக்கம் நடக்கட்டும்.

அளந்து பார்த்துட்டு உங்க மி.மீ. எவ்வளவுன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஸ்ட்ரிங்கைப் பத்திப் பேசுவோம், எவ்வளவு முறுக்கு வைக்கிறது, எப்ப மாத்துறது. அதுவரைக்கும் நல்லா ஆடுங்க.